அமெரிக்க வரிசைகளில் −2 எப்படி வந்தது? மூல மாறிகளை நீங்கள் எப்படிக் குறித்து வைக்கிறீர்கள்?

முகில் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஜெர்மனியில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறேன். வேலை போனவர்களின் உடல்நலம் அடுத்த சில ஆண்டுகளில் என்ன ஆகிறது என்பதுதான் என் ஆய்வு. நான்கு நாட்டுக் குடும்பப் பேனல் சர்வேக்களைச் சேர்த்துப் பார்க்கிறேன். அமெரிக்காவின் பிஎஸ்ஐடி, ஜெர்மனியின் எஸ்ஓஇபி, பிரிட்டனின் பிஎச்பிஎஸ், ஆஸ்திரேலியாவின் ஹில்டா. ஒரே ஆட்களிடம் திரும்பத் திரும்பப் போய்க் கேட்கிற சர்வேக்கள் என்பதால் என் கேள்விக்கு இவற்றை விட்டால் வேறு வழியில்லை.

நான்கையும் சேர்த்த கோப்பை நான் உருவாக்கவில்லை. எனக்கு முன்னால் இருந்தவர் செய்தது. அவர் இப்போது வேறு ஊரில் வேறு வேலையில் இருக்கிறார். கேட்டால் அன்பாகத்தான் பதில் சொல்கிறார், ஆனால் நான்கு வருடம் முன்பு செய்தது அவருக்கே நினைவில்லை. என் கையில் இருப்பது ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருளின் தரவுக் கோப்பு ஒன்று, அதற்கான கட்டளைகள் எழுதிய மூன்று டூ ஃபைல்கள் (நான்காவது கிடைக்கவே இல்லை, அது அமெரிக்காவுக்கானது), ஒரு எக்செல் தாள். அந்தத் தாளில் என் முக்கியமான மாறிக்கு எழுதியிருப்பது இவ்வளவுதான்: "உடல்நலம், சுயமதிப்பீடு, 1 முதல் 5, 5 என்றால் மிக நன்று, 4 நாடுகள், ஒத்திசைத்தாயிற்று." அதாவது நான்கையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்தாயிற்றாம்.

இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டேன்.

முதலாவது, அமெரிக்க வரிசைகளில் அங்கங்கே −2, −3 என்று மதிப்புகள் இருக்கின்றன. ஜெர்மன் தரவில் −2 என்றால் பொருந்தாது, −3 என்றால் நம்ப முடியாத மதிப்பு. அதே முறையை அமெரிக்காவுக்கும் போட்டிருக்கிறார் என்று நினைத்தேன். எந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று சொல்லும் பிஎஸ்ஐடி கோட்புக்கை இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தேன். இந்தக் கேள்விக்கு அதில் எதிர்ம எண்ணே கிடையாது.

இரண்டாவது, பிரிட்டனின் சராசரி 1999ல் கீழே இறங்குகிறது, அடுத்த ஆண்டே பழைய இடத்துக்கு வந்துவிடுகிறது. 2004லும் அப்படியே. இதற்குக் காரணம் தேடி அரைப் பக்கம் எழுதியும் விட்டேன். என் வழிகாட்டி படித்துவிட்டு, "1999ல் பிரிட்டனில் எல்லாருக்கும் என்ன ஆயிற்று?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அதனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்யப்போகிறேன். எனக்குப் பின்னால் வருபவர் என்னைப் போல் நிற்கக் கூடாது. எந்த மாறி எங்கிருந்து வந்தது என்பதை நீங்கள் எப்படி எழுதி வைக்கிறீர்கள்? எந்த அளவுக்கு நுணுக்கமாக?

புள்ளிக்கோலம் எழுதியது:

பல நாட்டுப் பேனல் சர்வேக்களை ஏற்கெனவே ஒத்திசைத்து வைத்திருக்கிற சிஎன்இஎஃப் இருக்கிறதே, அதை ஏன் எடுக்கவில்லை? 1990களில் அமெரிக்க, ஜெர்மன் தரவை ஒப்பிடத் தொடங்கியது. இப்போது நீங்கள் சொல்கிற நான்கு நாடுகளும் அதில் உண்டு, அதற்கு மேலும் உண்டு. எல்லா நாட்டுக்கும் ஒரே மாறிப் பெயர். சுயமதிப்பீட்டு உடல்நலம் எம்11126. நான் வருமானத்துக்கு அதைத்தான் பயன்படுத்துகிறேன். வரிக்குப் பிந்தைய குடும்ப வருமானத்தை நாமே கணக்குப் போடுவதென்றால் ஒரு ஆயுசு போதாது.

ஆவணக்காரி எழுதியது:

முகில், முதலில் உங்கள் −2ஐப் பார்த்துவிடலாம். மனசில் அது உறுத்திக்கொண்டே இருந்தால் மற்றது ஏறாது.

பிஎஸ்ஐடியில் இந்தக் கேள்விக்கு 1 என்றால் மிக நன்று, 5 என்றால் மோசம். தெரியாது என்றவருக்கு 8. பதில் கிடைக்காதவருக்கு 9. உங்களுக்கு முன்னால் இருந்தவருக்கு 5 மிக நன்றாக வர வேண்டும். அதனால் 6லிருந்து மதிப்பைக் கழித்திருப்பார், எல்லாரும் செய்வதுதான். 6 − 8 = −2. 6 − 9 = −3. உங்கள் எதிர்ம எண்கள் அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். எந்தக் கோட்புக்கிலும் அவை இருக்காது, கழித்தலில் பிறந்தவை. ஜெர்மன் தரவின் குறியீடுகளோடு அவை ஒத்துப்போனது தற்செயல். ஆனால் எவ்வளவு ஆபத்தான தற்செயல் பாருங்கள். பார்ப்பவருக்கு முறையாகக் குறியிட்ட மாதிரியே தெரிகிறது.

1999க்கும் 2004க்கும் பதில் இன்னும் எளிது. பிஎச்பிஎஸ்ஸில் வழக்கமாக வரும் மாறி எச்எல்ஸ்டாட். "உங்கள் வயதுக்காரர்களோடு ஒப்பிட்டால், கடந்த 12 மாதமாக உங்கள் உடல்நலம் எப்படி?" என்பது கேள்வி. பதில்கள்: மிக நன்று, நன்று, சுமார், மோசம், மிக மோசம். ஒன்பதாம் சுற்றிலும் பதினான்காம் சுற்றிலும், அதாவது 1999லும் 2004லும், எஸ்எஃப்-36 என்ற உடல்நலக் கேள்வித்தொகுப்பை முழுசாகச் சேர்த்தார்கள். அதில் இதே மாதிரி ஒரு கேள்வி ஏற்கெனவே இருப்பதால் பழையதைக் கேட்கவில்லை. புதியதில் வயதுக்காரர்களோடு ஒப்பீடு கிடையாது, 12 மாதக் கணக்கும் கிடையாது. பதில்களும் வேறு: மிக நன்று (எக்ஸலன்ட்), ரொம்ப நன்று (வெரி குட்), நன்று, சுமார், மோசம். இரண்டிலும் ஐந்து பதில்தான். ஆனால் "நன்று" என்பது முன்பு இரண்டாவது இடத்தில் இருந்தது, இப்போது மூன்றாவது. அதே மனிதர் அதே வார்த்தையைச் சொன்னாலும் ஒரு படி இறங்கிவிடுகிறார். பிரிட்டனில் யாருக்கும் உடம்பு கெடவில்லை. நீங்கள் எழுதிய அரைப் பக்கத்தை எடுத்துவிடுங்கள்.

இதை நான் உடனே சொல்ல முடிவதற்குக் காரணம் உண்டு. நான் இங்கிலாந்தில் ஒரு தரவுக் காப்பகத்தில் பல வருடம் வேலை பார்த்தேன். ஆரம்ப நாளில் இதே மாறிக்கு நானும் ஆவணம் எழுதினேன். "1991–2008: எச்எல்ஸ்டாட்" என்று ஒரே கட்டத்தில் எழுதினேன். அந்தச் சின்னக் கோட்டுக்குள் 1999 மறைந்துபோனது. டூ ஃபைலில், எச்எல்ஸ்டாட் இல்லாத சுற்றில் எஸ்எஃப்-36 கேள்வியின் மாறியான எச்எல்எஸ்எஃப்1ஐ எடு என்று யாரோ ஒரு வரி சேர்த்திருந்தார்கள். ஆவணத்தில் அது ஏறவில்லை. அதை நம்பி ஒரு மாணவர் ஒரு அத்தியாயம் முழுக்க எழுதி, பிறகு அழித்தார். அன்றிலிருந்து நான் ஒரு கட்டத்தில் இரண்டு ஆண்டுகளை எழுதுவதில்லை.

உங்கள் கேள்விக்கு என் பதிலும் அதுதான். ஒத்திசைத்த மாறிக்கு ஒரு வரிசை என்பது போதவே போதாது. ஒரு மாறி, ஒரு நாடு, ஒரு சுற்று, இவை மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு வரிசை. உடல்நலத்துக்கு மட்டும் பிரிட்டனுக்கு 18 வரிசை வரும். 16 இடத்தில் அதையே திரும்ப எழுதுகிறோமே என்று அலுப்பாக இருக்கும். அலுப்பு வரட்டும். மாறுகிற அந்த இரண்டு வரிசை, மாறாத மற்றவற்றுக்கு நடுவில்தான் கண்ணில் படும்.

கேள்வி கேட்காத ஆண்டுகளுக்கும் வரிசை வேண்டும். பிஎஸ்ஐடி 1968ல் தொடங்கியது, ஆனால் உடல்நலத்துக்கான இந்தக் கேள்வி 1984லிருந்துதான். 1997க்குப் பிறகு அந்தச் சர்வேயே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான். இதையெல்லாம் காலியாக விட்டால், கேட்கவில்லையா, நான் தேட மறந்தேனா என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. "கேட்கவில்லை, கேள்வித்தாளைப் பார்த்து உறுதி செய்தேன்" என்று எழுதி, பார்த்த தேதியையும் போடுங்கள்.

அப்புறம் கேள்வியின் வாசகம். அது கேட்கப்பட்ட மொழியிலேயே, முழுசாக. ஜெர்மன் தரவில் நடுப் பதில் "ட்ஸுஃப்ரீடன்ஷ்டெலண்ட்", திருப்திகரம். நீங்கள் அங்கேயே இருக்கிறீர்கள், அந்தச் சொல்லின் எடை உங்களுக்குத் தெரியும். சேர்த்த கோப்பில் அதற்கு "சுமார்" என்று லேபிள் ஒட்டிவிட்டால் ஆஸ்திரேலியாவின் "சுமார்" பக்கத்தில் அது உட்கார்ந்துவிடும். ஆஸ்திரேலிய அளவுகோலில் சுமார் என்பது நான்காவது படி. ஜெர்மானிய அளவுகோலில் திருப்திகரம் மூன்றாவது படி. மேல்முனையும் ஒன்றல்ல. ஜெர்மனியில் உச்சம் "ஸேர் கூட்", ரொம்ப நன்று. அதற்கு மேல் ஒரு "எக்ஸலன்ட்" அங்கே கிடையாது.

எல்லாரும் விட்டுவிடுகிற ஒன்று, பதில் சொன்னது யார் என்பது. என் அனுபவத்தில் அதிகம் பாதிப்பதும் இதுதான். பிஎச்பிஎஸ் 16 வயதுக்கும் அதற்கு மேலும் உள்ளவர்களிடம் தனித்தனியாகக் கேட்டது. ஹில்டா 15லிருந்தே. எஸ்ஓஇபியும் வீட்டிலுள்ள பெரியவர்கள் ஒவ்வொருவரிடமும் கேட்கிறது. பிஎஸ்ஐடி அப்படியல்ல. வீட்டுக்கு ஒருவர்தான் பேசுவார். தன் உடம்பைப் பற்றியும் சொல்வார், கணவன் அல்லது மனைவியின் உடம்பைப் பற்றியும் அவரே சொல்வார். "சுயமதிப்பீடு" என்று உங்கள் எக்செல்லில் எழுதியிருக்கிறதே, அமெரிக்காவில் பல வரிசைக்கு அது உண்மையல்ல. வேலை போன கணவனின் உடம்பை மனைவி மதிப்பிடுகிற இடம் அது. உங்கள் ஆய்வுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

எதிர்ம எண்களுக்கு வருகிறேன். −8ஐ எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்ஓஇபியில் அதற்கு "இந்த ஆண்டுக் கேள்வித்தாளில் இந்தக் கேள்வி இல்லை" என்று அர்த்தம். பிஎச்பிஎஸ்ஸில் "இவருக்குப் பொருந்தாது". ஹில்டாவில் "தானே நிரப்பித் தர வேண்டிய தாள் வந்து சேரவில்லை". −1 ஜெர்மனியில் பதில் இல்லை, பிரிட்டனில் தெரியாது, ஆஸ்திரேலியாவில் கேட்கப்படவில்லை. −2 பிரிட்டனில் மறுத்தார், மற்ற இரண்டிலும் பொருந்தாது. பூஜ்யத்துக்குக் கீழே இருப்பதையெல்லாம் ஒரே வரியில் காலியாக்கிவிட்டுப் போனால் இந்த வேறுபாடு அத்தனையும் போய்விடும். ஹில்டாவில் உடல்நலக் கேள்வி அந்தத் தாளில்தான் இருக்கிறது. தாளைத் திருப்பித் தராதவர் யார்? நேரமில்லாதவர், மனசு சரியில்லாதவர், உடம்பு முடியாதவர். நீங்கள் தேடுகிற ஆட்களே அவர்களாக இருக்கலாம். அதனால் மூல மதிப்பைத் தொடாமல் கோப்பின் ஒரு பத்தியில், அதாவது ஒரு நெடுவரிசையில், அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், மாற்றியது இன்னொரு பத்தியில் இருக்கட்டும். கோப்பு பெரிதாகும், பரவாயில்லை.

புள்ளிக்கோலம் எழுதியது:

அக்கா, அட்டவணை தனியாக, டூ ஃபைல் தனியாக என்றால் ஆறு மாதத்தில் இரண்டும் வேறு வேறு கதை சொல்லும். எனக்கு நடந்தது. டூ ஃபைலைத் திருத்தினேன், அட்டவணையைத் திருத்தவில்லை. நாம் எவ்வளவு கவனமாக இருந்தாலும் அவசரத்தில் ஒரு நாள் விட்டுப்போகும்.

இப்போது நான் செய்வது இது. அட்டவணை ஒரு சாதாரண சிஎஸ்வி கோப்பு. ஒவ்வொரு வரிசையிலும் நாடு, சுற்று, மூலக் கோப்பின் பெயர், மூல மாறியின் பெயர், எந்த மதிப்பு எந்த மதிப்பாகிறது என்பது. ஸ்கிரிப்ட் அந்த சிஎஸ்வியைப் படித்துத்தான் தரவை எடுக்கும். அட்டவணையில் இல்லாத மாறி கோப்பில் வரவே முடியாது. மூல மதிப்புகளில் அட்டவணை சொல்லாத எண் ஒன்று வந்தால் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும். முகிலின் 8ம் 9ம் இந்த முறையில் உள்ளேயே வந்திருக்காது, முதல் ஓட்டத்திலேயே பிடிபட்டிருக்கும்.

வருமானம் பார்ப்பவர்களுக்கு இன்னொன்று. "ஆண்டு" என்று ஒரே பத்தி வைக்காதீர்கள். பிஎஸ்ஐடியும் எஸ்ஓஇபியும் ஆண்டு வருமானத்தை முந்தைய ஜனவரி–டிசம்பருக்குக் கேட்கின்றன. பிஎச்பிஎஸ் செப்டம்பரிலிருந்து ஆகஸ்ட். ஹில்டா ஜூலையிலிருந்து ஜூன், அவர்களுடைய நிதியாண்டு. பேட்டி எடுத்த ஆண்டு வேறு, பணம் வந்த ஆண்டு வேறு. இரண்டுக்கும் தனித்தனிப் பத்தி. பணத்தின் பெயரையும் எழுதுங்கள். எஸ்ஓஇபி கிழக்கு ஜெர்மனிக்குப் போனது 1990 ஜூனில். மேற்கு மார்க் அங்கே புழக்கத்துக்கு வந்தது ஜூலை 1ல். அந்த முதல் கிழக்குப் பேட்டிகளில் மக்கள் சம்பளத்தைச் சொன்னது கிழக்கு மார்க்கில். "மார்க்" என்று மட்டும் எழுதினால் எது என்று தெரியாது. 2002ல் யூரோ வந்தது. 1.95583ஆல் வகுத்தீர்களா, அல்லது ஏற்கெனவே வகுத்துக் கொடுத்திருந்ததையே எடுத்தீர்களா என்பதையும் குறித்து வைக்க வேண்டும். இரண்டு முறை வகுத்த கோப்பு ஒன்றை நான் பார்த்திருக்கிறேன்.

ஆவணக்காரி எழுதியது:

தம்பி சொல்வது மிகச் சரி. சிஎஸ்வியைப் படித்து ஓடும் ஸ்கிரிப்ட் எங்கள் காலத்தில் இருந்திருந்தால் நான் எவ்வளவோ இரவு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். ஒரு பத்தி மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: "ஏன்". ஸ்கிரிப்ட் அதைப் படிக்காது, மனிதர்கள் படிப்பார்கள். 1999க்கு எச்எல்எஸ்எஃப்1ஐ எடுக்கலாம், அந்த ஆண்டை விட்டுவிடலாம், ஐந்து பதிலை மூன்றாகச் சுருக்கலாம். மூன்றுக்கும் நியாயம் உண்டு. நீங்கள் எதைத் தேர்ந்தீர்கள், ஏன் தேர்ந்தீர்கள் என்பதைச் செய்கிற அன்றைக்கே எழுத வேண்டும். மறுநாள் எழுதலாம் என்று விட்டால், நாம் செய்ததற்கு ஏற்ற காரணத்தை மனசு தானே ஜோடித்துக் கொடுத்துவிடும்.

சிஎன்இஎஃப் பற்றி. நல்ல வேலை, நான் மதிக்கிற வேலை. வருமானத்துக்கு நானும் அதையே சொல்வேன். ஆனால் அதை எடுத்தாலும் இந்த அட்டவணை தேவைதான். எம்11126 என்பதும் யாரோ உட்கார்ந்து, எந்த நாட்டில் எந்தக் கேள்வியை எடுப்பது என்று முடிவு செய்ததன் பலன். அவர்கள் கோட்புக்கில் நாடுவாரியாக அதை எழுதியிருக்கிறார்கள், படித்து உங்கள் வரிசைகளில் ஏற்றுங்கள். மாறியின் பெயர் ஒன்றாக இருப்பதாலேயே கேள்வி ஒன்றாகிவிடாது.

எந்த வெளியீடு என்பதையும் எழுதுங்கள். ஹில்டா ஒவ்வொரு ஆண்டும் புதுச் சுற்றோடு பழைய சுற்றுகளையும் சேர்த்தே மறுபடி வெளியிடுகிறது. விடுபட்ட வருமானத்தை நிரப்பிய மதிப்புகள் இரண்டு வெளியீட்டுக்கு நடுவில் மாறலாம். எஸ்ஓஇபிக்கும் பதிப்பு எண் உண்டு. பிஎஸ்ஐடியில் பல ஆண்டுக் குடும்பக் கோப்புகளின் முதல் மாறியே வெளியீட்டு எண்தான், அதைத் தூக்கிப் போடாதீர்கள்.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. எஸ்ஓஇபி, ஹில்டா தரவையெல்லாம் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கியிருப்பீர்கள். அதை அடுத்தவருக்கு நீங்கள் கொடுக்க முடியாது, கொடுக்கவும் கூடாது. அந்த வீடுகளில் கதவைத் திறந்து தங்கள் சம்பளத்தையும் நோயையும் சொன்னவர்களுக்குக் கொடுத்த வாக்கு அது. கொடுக்க முடிவது இந்த அட்டவணையும் ஸ்கிரிப்ட்டும் மட்டும்தான்.

முகில் எழுதியது:

அக்கா, புள்ளிக்கோலம் சார், இருவருக்கும் நன்றி. பதினொரு நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

அமெரிக்கக் கோப்பை மறுபடி இறக்கி முதலில் அதைத்தான் பார்த்தேன். 8ம் 9ம் இருந்தன. எண்ணிப் பார்த்தேன், எங்கள் கோப்பின் −2 எண்ணிக்கையும் −3 எண்ணிக்கையும் ஆண்டுக்கு ஆண்டு அப்படியே பொருந்துகின்றன. பழைய தோழரிடம் சொன்னேன். தொலைந்த டூ ஃபைலை இனித் தேட வேண்டாம் என்பதில் அவருக்கும் நிம்மதி.

அட்டவணையில் உடல்நலத்துக்கு மட்டும் நான்கு நாட்டுக்கும் வரிசைகள் போட்டு முடித்துவிட்டேன். பிரிட்டனில் 1999ஐயும் 2004ஐயும் முதன்மைக் கணக்கிலிருந்து விலக்கினேன், ஏன் பத்தியில் நான்கு வரி எழுதினேன். பிஎச்பிஎஸ்ஸுக்குப் பின் 2009லிருந்து அண்டர்ஸ்டேண்டிங் சொஸைட்டி என்ற சர்வே தொடர்வதையும் சேர்க்கலாம் என்று ஆசைப்பட்டேன். அதிலும் மிக நன்று, ரொம்ப நன்று, நன்று என்ற அளவுகோல்தான் இருக்கிறது. அதனால் 2008ல் நிறுத்திவிட்டேன், அதற்கும் ஒரு வரி.

பிஎஸ்ஐடிக்கு "பதில் சொன்னது யார்" பத்தியை நிரப்பியதும் என் ஆய்வுக் கேள்வியே கொஞ்சம் மாறிவிட்டது. தானே சொன்னவர்களையும் துணை சொன்னவர்களையும் பிரித்துப் போட்டுப் பார்க்கிறேன். வழிகாட்டி இதைத் தனி அத்தியாயமாக்கச் சொல்கிறார்.

ஒரு சந்தேகம் பாக்கி. பழைய கோப்பில் ஜெர்மனிக்கு ஒரே ஒரு ஆண்டில் 41 பேருக்கு உடல்நல மதிப்பு இருக்கிறது. நான் இப்போது இறக்கிய பதிப்பில் அதே ஆட்களுக்கு −1. அவர் எந்தப் பதிப்பை எடுத்தார் என்பதற்குத் தடயமே இல்லை. அந்த வரிசையில் என்ன எழுதுவது?

ஆவணக்காரி எழுதியது:

இப்போதைய பதிப்பின் எண்ணை எழுதுங்கள். −1ஐ −1ஆகவே வையுங்கள். ஏன் பத்தியில், "பழைய கோப்பில் 41 பேருக்கு மதிப்பு இருந்தது, எந்தப் பதிப்பிலிருந்து என்று தெரியவில்லை" என்று எழுதி இன்றைய தேதியைப் போடுங்கள். பழைய பதிப்பு வேண்டுமென்று பெர்லினில் எஸ்ஓஇபி தரவு மையத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள், கிடைத்தால் அந்த வரிசையைத் திருத்திக்கொள்ளலாம். அந்தத் துணை சொன்ன அத்தியாயம் முடிந்ததும் எனக்கு அனுப்புங்கள், படிக்க ஆசையாக இருக்கிறது.